பூங்காப் புல்தரைக்குத் தானியங்கிப் புல்வெட்டி: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

எங்கள் பகுதிப் பூங்கா ஒன்றரை ஏக்கர் பரப்புள்ளது. சென்னையின் தென்புறக் குடியிருப்புகளில் காணும் எத்தனையோ பூங்காக்களைப் போன்றதுதான்: சுற்றிலும் நடைபாதை, ஒரு மூலையில் ஊஞ்சலும் சறுக்குமரமும், நடுவே இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், மதில் ஓரமாகப் புங்க மரங்கள், எஞ்சிய இடத்தில் ஏறத்தாழ அரை ஏக்கர் புல்தரை. அந்த அரை ஏக்கருக்காகத் தானியங்கிப் புல்வெட்டி ஒன்றை அன்பளிப்பாக வாங்கித் தர ஒருவர் முன்வந்தபோது, ஏற்பதா வேண்டாமா என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பைக் குடியிருப்போர் நலச் சங்கம் என்னிடம் ஒப்படைத்தது. இலவசமாக வருவதை ஆராய என்ன இருக்கிறது என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். ஓர் இயந்திரத்துக்கு வாங்கிய பிறகும் செலவு இருந்துகொண்டே இருக்கும். அதோடு, மக்கள் உட்காரும் இடத்தில் ஆள் துணையின்றிக் கத்தியோடு நகரப்போகும் ஒரு பொருளுக்கு ஒப்புதல் தருவது சிறிய முடிவும் ஆகாது. அதனால் சில மாதங்கள் எடுத்துக்கொண்டேன். அப்போது திரட்டியதையும் கணக்கிட்டதையும், இதே கேள்வி மற்ற ஊர்களிலும் எழும் என்பதால், இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

எங்கள் முன் இருந்த வழிகள் நான்கு. ஒப்பந்ததாரர் மாதம் ஒருமுறை ஆள் அனுப்பி, தோளில் மாட்டிய பிரஷ் கட்டரால் (நீண்ட தண்டின் நுனியில் சுழலும் இழையால் புல்லைச் சீவும் கருவி) வெட்டிச் செல்வது முதலாவது. இதுவரை நடந்துவந்தது அதுதான். பூங்காவிலேயே வேலை பார்க்கும் தொழிலாளரிடம் கையால் தள்ளிச் செல்லும் புல்வெட்டியைக் கொடுத்து வாரம் ஒருமுறை வெட்டச் செய்வது இரண்டாவது. மூன்றாவது, தானியங்கி. நான்காவதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன்: புல்தரையின் பரப்பையே குறைப்பது.

தானியங்கிப் புல்வெட்டி நேற்று வந்த பொருள் அன்று. சுவீடன் நாட்டின் ஹஸ்க்வார்னா நிறுவனம் சூரிய ஒளியில் ஓடும் மாதிரி ஒன்றை 1995இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவின் வீட்டுத் தோட்டங்களில் இன்று அது சாதாரணக் காட்சி. வழக்கமான புல்வெட்டியில் கனமான ஒற்றைத் தகடு சுழலும். இதில் சுழலும் வட்டத் தட்டின் விளிம்பில் சவர பிளேடு போன்ற சிறு கத்திகள் தளர்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். கல்லில் பட்டால் அவை உள்ளே மடங்கிக்கொள்ளும். தரையோரம் பதித்த மெல்லிய கம்பியில் ஓடும் வலுக்குறைந்த மின்குறிப்பை எல்லையாகக் கொண்டு பழைய மாதிரிகள் இயங்குகின்றன. புதியவை செயற்கைக்கோள் குறிப்பையும், அதைத் திருத்தித் தரும் தரைநிலையம் ஒன்றையும் வைத்துச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் தம் இடத்தை அறிந்துகொள்கின்றன. மின்கலம் குறைந்ததும் மின்னேற்றும் இடமான தன் கூட்டுக்குத் தானே திரும்பி மின்னேற்றிக்கொண்டு மறுபடியும் கிளம்பும்.

இதன் உண்மையான சிறப்பு ஆளில்லாமல் ஓடுவதைவிட, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவதில் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல்தரைப் பராமரிப்பின் அடிப்படைப் பாடம். மாதம் ஒருமுறை பிரஷ் கட்டர் வரும் பூங்காவில் இந்தப் பாடம் ஒவ்வொரு முறையும் மீறப்படுகிறது: முழங்கால் அளவு வளர்ந்ததை ஒரே நாளில் மண் தெரியும் அளவுக்குச் சிரைத்துவிட்டுப் போகிறார்கள், பசுமை போய் வைக்கோல் நிறத்தில் தரை கிடக்கிறது, புல் மீள்வதற்குள் அந்த வெற்றிடத்தில் கோரை முளைத்துவிடுகிறது. தானியங்கி தினமும் சில மில்லிமீட்டர் மட்டும் நறுக்குவதால், துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் விழுந்து மட்கி, தழைச்சத்தை மண்ணுக்கே திருப்பித் தருகின்றன. வெட்டியதை வாரி மூட்டை கட்டும் வேலையே இல்லை.

சத்தமும் புகையும் அடுத்தவை. ஒலித்திறன் அளவீட்டில் தானியங்கி 60 டெசிபெல்லை ஒட்டியே இருக்கிறது, பெட்ரோல் பிரஷ் கட்டரோ 100ஐத் தாண்டுகிறது. டெசிபெல் கணக்கில் 40 வித்தியாசம் என்றால் ஒலியின் திறனில் பத்தாயிரம் மடங்கு. அந்தச் சத்தத்தைக் காதோரம் வைத்துக்கொண்டு நாள் முழுதும் நடக்கும் தொழிலாளரை நினைத்தால், அமைதியான இயந்திரம் வேண்டும் என்பது நடைப்பயிற்சிக்கு வருபவர்களின் சொகுசுக் கோரிக்கையாக நின்றுவிடாது. வணிகப் பயன்பாட்டுப் பெட்ரோல் புல்வெட்டியை ஒரு மணி நேரம் ஓட்டினால் வெளிவரும் புகைமூட்டப் பொருள்கள், ஒரு காரை ஏறத்தாழ 300 மைல் ஓட்டுவதற்குச் சமம் என்று கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் கணக்கிட்டிருக்கிறது. அந்த மாநிலம் இத்தகைய சிறு பெட்ரோல் இயந்திரங்களைப் புதிதாக விற்பதை 2024 முதல் நிறுத்துவதற்கான சட்டத்தை 2021இல் இயற்றியது. ஆனால் இந்த நன்மை தானியங்கிக்கு மட்டும் உரியதன்று. மின்கலத்தில் ஓடும் எந்தப் புல்வெட்டிக்கும் இது பொருந்தும். விற்பனையாளர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசும்போது நாம் பிரித்துக் கேட்க வேண்டும்.

இனி, என்னை அதிகம் யோசிக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அது நேரம்.

5,000 சதுர மீட்டர் வரை பராமரிக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் தானியங்கியின் விவரக் குறிப்பை நுணுகிப் படித்தால், அது மணிக்கு ஏறத்தாழ 208 சதுர மீட்டர் என்று இருக்கும். 208ஐ 24ஆல் பெருக்கினால்தான் 5,000 வருகிறது. அதாவது, இரவு பகல் பாராமல் அதை ஓடவிட்டால்தான் அந்த எண் உண்மையாகும். எங்கள் அரை ஏக்கரை, அதாவது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டரை, ஒரு சுற்று முடிக்க அதற்குப் பத்து மணி நேரம் வேண்டும். பொதுப் பூங்காவில் அந்தப் பத்து மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை நடப்பவர்களும், யோகா செய்பவர்களும், இறகுப்பந்து ஆடுபவர்களும் இருக்கிறார்கள். மாலை நான்கிலிருந்து எட்டரை வரை குழந்தைகளின் ராஜ்ஜியம். மிஞ்சுவது நண்பகலும் இரவும்.

நண்பகலில் பூங்காவைப் பூட்டிவைக்கும் வழக்கம் நம் ஊர்களில் நெடுநாள் இருந்தது. அது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது, நிழல் தேடி வருபவர்கள் வீட்டில் குளிர்சாதனம் இல்லாதவர்கள்: உணவு விநியோகிக்கும் இளைஞர்கள், வீட்டு வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகும் பெண்கள், துப்புரவுப் பணியாளர்கள். எங்கள் பூங்காவைப் பகலிலும் திறந்துவைக்க நாங்கள் இரண்டு ஆண்டுகள் மன்றாடியிருக்கிறோம். புல்வெட்டி ஓடுவதற்காக மறுபடியும் பன்னிரண்டு மணிக்குப் பூட்டச் சொன்னால், மக்களுக்காக இயந்திரம் என்பது போய் இயந்திரத்துக்காக மக்கள் வெளியே நிற்க வேண்டியதாகும். பூட்டாமல் ஓடவிட்டால், தூங்குமூஞ்சி மரத்தடியில் கையை நீட்டிப் படுத்து உறங்குபவரை நோக்கி அது நகரும். இத்தகைய இயந்திரங்களுக்கென்று சர்வதேசப் பாதுகாப்புத் தரம் உண்டு. தூக்கினாலோ சாய்த்தாலோ கத்தி நின்றுவிடும், இடித்தால் திரும்பிவிடும். ஆனால் தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு விரலை மோதல் உணரி கண்டுகொள்ளும் என்று எண்ணி ஒப்பமிட எனக்கு மனம் வரவில்லை. உற்பத்தியாளர்களின் கையேடுகளே, பொது இடத்தில் பயன்படுத்தினால் சுற்றிலும் எச்சரிக்கைப் பலகை வைக்கவும், குழந்தைகளை விலக்கி வைக்கவும் சொல்கின்றன. பூங்காவின் புல்தரையிலிருந்து குழந்தைகளை விலக்கி வைத்த பிறகு, அந்தப் புல்லை எதற்காக வெட்டுகிறோம்?

அப்படியானால் இரவு. அங்கே உயிரினங்களின் பிரச்சினை எழுகிறது, அதை ஐரோப்பா முன்பே சந்தித்துவிட்டது. டென்மார்க்கின் முள்ளெலி ஆய்வாளர் சோஃபி லுண்ட் ராஸ்முசனும் உடன் பணியாற்றியோரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 18 வகைத் தானியங்கிகளை, இறந்துபோன முள்ளெலிகளின் உடல்களை வைத்துச் சோதித்தார்கள். வளர்ந்த முள்ளெலியைத் தொட்ட பிறகே இயந்திரங்கள் உணர்ந்தன. 200 கிராமுக்குக் குறைவான குட்டிகளை எதுவுமே உணரவில்லை. சில வகைகள் கடுமையான காயத்தை ஏற்படுத்தின. செருமனியின் கொலோன் நகரம் 2024 அக்டோபரில் இரவில் இவற்றை இயக்கவே தடை விதித்தது. சென்னைப் பூங்காவில் முள்ளெலி இல்லை. நம் மண்ணுக்கே உரிய முள்ளெலி தென் மாவட்டங்களின் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்வது. ஆனால் ஐப்பசி மழை பெய்த இரவில் எங்கள் புல்தரையில் டார்ச் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்தடிக்கு ஒரு தேரை உட்கார்ந்திருக்கும். பெரிய மைதானங்களில் ஆட்காட்டிக் குருவி கூடு என்று எதுவும் கட்டாமல் வெறுந்தரையிலேயே மண் நிறத்தில் நான்கு முட்டைகளை இட்டு வைக்கும். கண் உள்ள மனிதர் சுற்றிக்கொண்டு போவார். இரவு என்றால் திருட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 14 கிலோ எடையுள்ள பொருளை ஒருவர் தூக்கிக்கொண்டு மதிலைத் தாண்டுவது கடினமன்று; ரகசிய எண் இல்லாமல் அது இயங்காது என்பது திருடியவருக்குப் பிறகுதான் தெரியவரும், நமக்கு அதனால் பயனில்லை.

ஆகவே எங்களைப் போன்ற பூங்காவில், மக்களையும் உயிரினங்களையும் மதித்து நேரம் ஒதுக்கினால், நாளைக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். ஐந்து நாளில் ஒரு சுற்று. ஐந்து நாளுக்கு ஒருமுறை வெட்டும் இயந்திரம் தன் தலையாய நன்மையை, அதாவது தினமும் கொஞ்சமாக வெட்டுவதை, இழந்துவிடுகிறது. மழைக்காலத்தில் ஐந்து நாளில் கோரை அந்த இயந்திரம் வெட்டக்கூடிய உயரத்தைத் தாண்டிவிடும். இதை ஒரு மனிதரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதினெட்டு அங்குலத் தள்ளு புல்வெட்டியில், ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி வெட்டினால் பயனுள்ள அகலம் 40 சென்டிமீட்டர். மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 1,200 சதுர மீட்டர். திரும்புவது, மரத்தைச் சுற்றுவது, தண்ணீர் குடிப்பது எல்லாவற்றுக்கும் முப்பது சதவீதம் கழித்தால் 840. எங்கள் அரை ஏக்கர் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாரத்துக்கு ஒரு காலைப் பொழுது, அவ்வளவுதான்.

கணக்கு இப்படி இருந்தாலும், கண்ணால் பாராமல் முடிவு சொல்லக் கூடாது என்று விற்பனையாளர் ஒருவரைச் செயல்விளக்கத்துக்கு அழைத்தோம். அக்டோபர் மாதம், முந்தின இரவு மழை. எங்கள் பூங்காவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கும் அம்மாவும் துடைப்பத்தோடு வந்து நின்றார். திறந்த பகுதியில் இயந்திரம் நன்றாகவே ஓடியது; வெட்டிய தடம் கம்பளம்போல் இருந்தது, குழந்தைகள் கைதட்டினார்கள். தூங்குமூஞ்சி மரத்தை நெருங்கியதும் மாறிப்போனது. மண்ணுக்கு மேலே புடைத்து ஓடும் வேர் ஒன்றில் முன்பகுதி ஏறி நிற்க, பின்சக்கரங்கள் ஈர மண்ணில் சுழன்று சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் உள்ளங்கை ஆழத்துக்கு இரண்டு குழிகளைத் தோண்டிவிட்டன. தூக்கி விலக்கி வைத்தார்கள். அடுத்த சுற்றில் முந்தின நாள் யாரோ போட்டுவிட்டுப் போன பிஸ்கட் உறை அடியில் போயிற்று. வெளியே வரும்போது அது நூறு வெள்ளித் துணுக்குகளாகப் புல்லிடையே சிதறிக் கிடந்தது. அந்த அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். முழுதாகக் கிடந்திருந்தால் ஒரே கையில் எடுத்திருப்பார். “இதுக்கு முன்னாடி ஒரு ஆளு நடந்து எல்லாத்தையும் பொறுக்கிக்கிட்டே போகணும் போல இருக்கே சார்” என்றார். புகாராகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். தூங்குமூஞ்சிக் காய்கள், ஒடிந்த சுள்ளிகள், சோடா மூடிகள் என்று எங்கள் தரையில் விழாத பொருள் இல்லை. தள்ளு புல்வெட்டி ஓட்டுபவர் நடந்துகொண்டே அதைப் பார்க்கிறார், நிற்கிறார், எடுக்கிறார். அந்த வேலை அவர் வேலையோடு சேர்ந்தே நடப்பதால், அதற்கென்று யாரும் கணக்கு எழுதுவதில்லை.

எல்லைக் கம்பியைப் பற்றியும் செயற்கைக்கோள் வழிகாட்டலைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம். நம் பூங்காக்களில் மண்ணைத் தோண்டாத மாதமே இல்லை: சொட்டுநீர்க் குழாய் மாற்றுவார்கள், விளக்குக் கம்பத்துக்குக் குழி வெட்டுவார்கள், சுதந்திர தினத்துக்குப் பந்தல்கால் நடுவார்கள். கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும், அறுந்த இடத்தைத் தேடுவது அரைநாள் வேலை. செயற்கைக்கோள் வகைக்கு வானம் தெரிய வேண்டும். எங்கள் பூங்காவின் பெருமையே வானம் தெரியாத நிழல்தான்; போதாக்குறைக்கு மூன்று பக்கமும் ஐந்து மாடிக் குடியிருப்புகள். கேமராவால் பார்த்து நகரும் வகைகளும் வந்துள்ளன, அவை மேம்பட்டு வரும் வேகம் வியப்பளிப்பது; சில ஆண்டுகளில் இந்தப் பத்தியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கலாம்.

புல்லின் இனமும் முக்கியம். நம் பூங்காக்களில் அழகுக்காகப் பதிக்கும் கொரியன் புல் நார்த்தன்மை மிகுந்தது, கத்தியை விரைவில் மழுங்கச் செய்வது. மெல்லிய சவரக் கத்திகளை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். மழுங்கிய கத்தி புல்லை வெட்டாமல் பிய்க்கும், நுனி வெளுத்துவிடும். அருகம்புல் வகைகள் தானியங்கிக்கு இணக்கமானவை. எந்தப் புல்லாயினும் மதில் ஓரத்திலும் பாத்திக் கரையிலும் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டப்படாத விளிம்பு மிஞ்சும். அதற்கு அரிவாளோ பிரஷ் கட்டரோ வேண்டும். எனவே தானியங்கி வந்தாலும் பழைய கருவி போகாது, கூட ஒன்று சேரும்.

செலவைப் பற்றி: மின்கட்டணம் ஒரு பொருட்டே இல்லை, மாதத்துக்கு முப்பது யூனிட்டைத் தாண்டாது. விலையும், கத்தியும், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய லித்தியம் மின்கலமும், பழுது பார்க்க வரும் ஆளுக்கான காத்திருப்பும்தான் செலவு. பெரும்பாலான லித்தியம் மின்கலங்களை 45 டிகிரிக்கு மேல் மின்னேற்றக் கூடாது. கோடையில் வெயில் படும் இடத்தில் கூடு அமைத்தால் அதன் ஆயுள் குறையும், நிழலில் அமைத்தால் செயற்கைக்கோள் குறிப்பு கிடைக்காது. ஐரோப்பாவில் இந்த இயந்திரம் தன் விலையை ஈட்டுவது, அங்கே ஒரு மணி நேர மனித உழைப்பின் விலை மிக அதிகம் என்பதால். நம் ஊரில் அந்த ஈடு கிடைக்க வேண்டுமானால் யாரோ ஒருவரின் வேலையைக் குறைக்க வேண்டும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், இரக்கத்தினால் மட்டும் சொல்லவில்லை. காலையில் வாயில் திறப்பது, சருகு கூட்டுவது, கழிவறையைப் பார்ப்பது, உடைந்த ஊஞ்சல் சங்கிலியை முதலில் காண்பது, தனியே அழும் குழந்தையிடம் போய் நிற்பது என்று அந்த அம்மா செய்பவற்றுள் புல்வெட்டுதல் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கைச் செய்யும் இயந்திரத்தைக் காட்டி அவரையே ஒப்பந்தத்திலிருந்து நீக்கும் ஆபத்து, பராமரிப்பை ஆண்டுதோறும் ஏலத்தில் விடும் முறையில் மிக அருகிலேயே இருக்கிறது. மேலும், இயந்திரம் ஒருவருடையது, பராமரிப்பு இன்னொருவருடையது என்றானால், பழுதான மறுநாள் அது யார் பொறுப்பு என்ற கடிதப் போக்குவரத்திலேயே ஒரு மழைக்காலம் கழிந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், தானியங்கி நம் நாட்டுப் பூங்காக்களுக்கே ஆகாது என்று நான் சொல்லவில்லை. உதகை அரசினர் தாவரவியல் பூங்காவை நினைத்துப் பாருங்கள். 1848இல் தொடங்கப்பட்டது, தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரந்தது. மே மாத மலர்க் கண்காட்சிக்கு முன் அதன் பெரிய புல்வெளியைப் பொது மக்கள் கால் வைக்காமல் மூடிப் பாதுகாப்பார்கள். அங்கே வாயில் உண்டு, பூட்டு உண்டு, திறக்கும் முன்பான விடியற்பொழுது உண்டு, தலைக்கு மேல் திறந்த வானம் உண்டு, நாள் முழுதும் கண்காணிக்கும் பணியாளர்கள் உண்டு. நீலகிரியில் புல்தரையாகும் கிகுயு புல் வேகமாகப் படர்ந்து மெத்தைபோல் தடிப்பது; அதற்கு அடிக்கடி மெல்ல வெட்டுவது மிகவும் ஏற்றது. பெட்ரோல் இயந்திரம் ஓடாத காலை அந்த மலைக்கு அழகு. ஆனால் அங்கும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பெரும்பாலான மாதிரிகள் 35 முதல் 45 சதவீதச் சரிவு வரை ஏறும் என்றாலும், பனியில் நனைந்த சரிவில் சக்கரம் வழுக்கும். படிப்படியாக இறங்கும் மேல்தளங்களில் மனிதர்தான் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி படிந்த புல்மேல் சக்கரம் ஏறினால் தடம் முழுதும் கருகும், ஆகவே அந்த மாதங்களில் விடியற்காலை ஓட்டத்தை நிறுத்த வேண்டும். இரவில் காட்டெருமைகள் ஊருக்குள் இறங்கும் இடம் என்பதையும் மறக்கக் கூடாது. இவற்றைக் கவனித்துக்கொண்டால், தமிழ்நாட்டில் இந்த இயந்திரத்தைப் பொதுப் பூங்கா ஒன்றில் சோதித்துப் பார்க்க அந்தப் பெரிய புல்வெளியைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. வேலியிட்ட கால்பந்து மைதானங்களும், பல்கலைக்கழக வளாகங்களின் அகன்ற புல்வெளிகளும் அதே வரிசையில் வரும்.

எங்கள் பூங்காவுக்கு நான் பரிந்துரைத்தது மின்கலத்தில் ஓடும் தள்ளு புல்வெட்டி. அமைதி, புகையின்மை ஆகிய இரண்டு நன்மைகளும் அதில் கிடைக்கின்றன. வாரம் ஒருமுறை வெட்டுவதால் மூன்றில் ஒரு பங்கு விதியையும் காப்பாற்ற முடிகிறது. துணுக்குகளை நறுக்கி அங்கேயே விடும் அமைப்பு அதிலும் உண்டு. பழுதானால் சாதாரண மெக்கானிக் பிரித்துப் பார்க்கலாம். பிரஷ் கட்டரை விளிம்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன், அதுவும் மரக்கன்றுகளிலிருந்து இரண்டடி தள்ளி. எங்கள் புங்கக் கன்றுகளில் நான்கு, அடிப்பட்டையில் பிரஷ் கட்டரின் சுழலும் இழை சுற்றிச் சீவியதால் பட்டை வளையமாக உரிந்து பட்டுப்போனவை. கல் தெறிக்கும் ஆபத்துக்காகக் கண்காப்பும் கால்காப்பும் இல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது என்பதையும் எழுத்தில் கேட்டேன்.

நான்காவது வழியையும் சேர்த்தே வைத்தேன். கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்று வைத்தாலும், அரை ஏக்கருக்குப் பத்தாயிரம் லிட்டர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த தெரு எங்கள் தெரு. அந்த ஆண்டு புல் முழுதும் காய்ந்தது, யாரும் வருந்தவில்லை, மரங்கள் பிழைத்ததே போதும் என்றிருந்தோம். மரத்தடியில் வெளிச்சம் போதாமல் எப்போதும் சோகையாகவே இருக்கும் புல்லை எடுத்துவிட்டுச் சருகை அங்கேயே பரப்பினால், வெட்ட வேண்டிய பரப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும், வேர்களும் குளிர்ச்சி பெறும். அடையாற்றுக் கழிமுகத்தில் 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, பரந்த புல்தரை இல்லாமலேயே ஒரு நகரப் பூங்கா இருக்க முடியும் என்பதற்குக் கண்முன் நிற்கும் சான்று. குழந்தைகள் ஓடி விழுவதற்கு ஒரு திறந்த புல்தரை வேண்டும். அதற்கு ஆயிரத்து முந்நூறு சதுர மீட்டர் போதும்.

நன்கொடை தர முன்வந்தவர் முதலில் சற்று ஏமாற்றம் அடைந்தார். கணக்கைக் காட்டியபோது, தள்ளு புல்வெட்டியும், மாற்று மின்கலமும், மூன்றாண்டுப் பராமரிப்பும் சேர்த்து வாங்கித் தர ஒப்புக்கொண்டார். இப்போது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெட்டுகிறார்கள். மரத்தடியில் படுத்திருப்பவரை யாரும் எழுப்புவதில்லை, அவரைச் சுற்றிக்கொண்டு போய், அடுத்த வாரம் அந்த இடத்தை வெட்டுகிறார்கள்.

பெரிய, வேலியிட்ட, பூட்டுள்ள பூங்காவைப் பொறுப்பேற்றிருப்பவர்கள் தானியங்கியைச் சோதிக்க விரும்பினால், சில நிபந்தனைகளோடு சோதிக்க வேண்டுகிறேன். விற்பனையாளர் பிப்ரவரியில் காட்ட விரும்புவார், அப்போது தரை காய்ந்து புல் மெதுவாக வளரும். சமவெளியில் நவம்பரிலும் மலையில் ஜூலையிலும் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் போதாது, நான்கு வாரம் வேண்டும். விளம்பரத்தில் உள்ள பரப்பை 24ஆல் வகுத்து, உண்மையில் நீங்கள் தரக்கூடிய மணி நேரத்தால் பெருக்கிப் பாருங்கள். சூரியன் மறைந்தபின் ஓடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எத்தனை முறை நின்றது, யார் போய் எடுத்துவிட்டார்கள், அதற்கு எத்தனை நிமிடம் ஆயிற்று என்ற குறிப்பேட்டை அங்கே வேலை செய்யும் தொழிலாளரிடமே கொடுங்கள். நான்கு வாரம் கழித்து நடக்கும் கூட்டத்தில் அதை அவரே வாசிக்கட்டும்.